வீட்லயே ஏர் ஃப்ரெஷ்னர் செய்யற கிட்: சாமான் நல்லாருக்கு, கூட வந்த தாளை மட்டும் நம்பிடாதீங்க

ரூம் ஸ்ப்ரே, ஜெல், குச்சி வச்ச டிஃப்யூசர் எல்லாம் நாமளே கலந்து செஞ்சுக்கற மாதிரி மொத்த சாமானையும் ஒரே பாக்ஸ்ல போட்டு விக்கறாங்கல்ல, அந்த மாதிரி ஒரு கிட் வாங்கி அதுல சொல்லியிருந்த எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன். எந்த பிராண்ட்னு எழுதல, ஏன்னா இதே பாக்ஸ் வேற வேற பேர்ல நிறைய வருது, உள்ள இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால நீங்க எத வாங்கினாலும் இது உதவும். எங்க வீட்ல தவழற குழந்தை இருக்கு, பூனை ஒண்ணு இருக்கு. அதனால வாசனை எப்படிங்கறத விட இத வீட்ல வச்சுக்கலாமா கூடாதாங்கறதுதான் எனக்கு முக்கியம். அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன், மூணும் சாமானுக்கு. மிச்ச ரெண்ட அந்த செய்முறைத் தாளுக்காக குறைச்சுட்டேன்.

பாக்ஸ்ல என்னென்ன இருந்துதுன்னா, 5 மி.லி. எசென்ஷியல் ஆயில் (செடியிலேர்ந்து எடுத்த அடர்த்தியான வாசனை எண்ணெய்) குப்பி ஆறு (லாவெண்டர், லெமன், யூகலிப்டஸ், டீ ட்ரீ, பெப்பர்மின்ட், லவங்கப்பட்டை), பழுப்பு கண்ணாடி ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு, பளிச்சுனு தெரியற பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு, ஓட்டை போட்ட மூடியோட ஒரு ஜாடி, பேக்கிங் சோடா பாக்கெட், ஜெலட்டின் பவுடர், பிரம்புக் குச்சியும் அதுக்கு ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலும், 'பேஸ்'னு மட்டும் எழுதின ஒரு திரவம், அப்புறம் கலர் கலரா தண்ணில ஊறினா பெருசாகற ஜெல் மணி ஒரு பாக்கெட். ஒட்டற லேபிளும் குடுத்திருக்காங்க, அது நல்ல விஷயம், பின்னாடி சொல்றேன்.

முதல்ல அந்த ஜெல் மணி. வாட்டர் பீட்ஸ்னு சொல்வாங்களே அதேதான். ஜாடில போட்டு தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு ஆயில் விட்டா பாக்க ரொம்ப அழகா இருக்கும், வாசனையும் மெல்ல வரும்னு தாள்ல போட்டிருக்கு. தயவு செஞ்சு குழந்தை இருக்கற வீட்ல இத பிரிக்கவே பிரிக்காதீங்க. காஞ்சு இருக்கும்போது கடுகு சைஸ்ல இருக்கும், கீழ ரெண்டு உருண்டாகூட கண்ணுல படாது, ஆனா அத குழந்தை முழுங்கிட்டா வயித்துக்குள்ள இருக்கற ஈரத்த இழுத்துகிட்டு பல மடங்கு பெருசாகி குடல அடைச்சிடும், எக்ஸ்ரேலயும் சரியா தெரியாது, ஆபரேஷன் பண்ணி எடுக்கற நிலைமை வந்திருக்கு, உயிரும் போயிருக்கு. மிட்டாய் மாதிரி கலர்ல வேற இருக்கு. நான் அந்த பாக்கெட்ட பிரிக்காம அப்படியே மூடி குப்பைக்கு அனுப்பிட்டேன். மூணு ஸ்டார் கூட குடுக்கலாமான்னு யோசிச்சது இந்த ஒரு பாக்கெட்டாலதான்.

அடுத்து ஸ்ப்ரே. தாள்ல சொன்னது: 100 மி.லி. தண்ணி, 30 சொட்டு ஆயில், நல்லா குலுக்குங்க, அடிங்க. இது வேலைக்கே ஆகாது. எண்ணெயும் தண்ணியும் கலக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், குலுக்கும்போது கலந்த மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்துல பெரும்பாலான ஆயில் மேல வந்து ஒரு படலமா நிக்கும். ஸ்ப்ரே பாட்டில்ல குழாய் அடிவரைக்கும் போகுது, அதனால பாட்டில் புதுசா இருக்கும்போது நமக்கு வர்றது வெறும் தண்ணி, பாட்டில் காலியாகற நேரத்துல வர்றது கிட்டத்தட்ட சுத்தமான ஆயில். அந்த ஆயில் துளி சோபாவுல விழுந்தா கறை, டைல்ஸ் தரையில விழுந்தா வழுக்கும், தோல்லயோ கண்ணுலயோ பட்டா எரியும். பூனை மேல விழுந்தா அது நக்கி முழுங்கும். இதுக்கு தேவைப்படறது ஆயில தண்ணில கரைக்கற ஒரு பொருள், பாலிசார்பேட் 20னு கேட்டா சோப்பு, காஸ்மெடிக் செய்யறவங்களுக்கு சாமான் விக்கறவங்ககிட்ட கிடைக்கும். பொதுவா ஆயில் ஒரு பங்குன்னா இது நாலு பங்கு, சில ஆயிலுக்கு அதுக்கும் மேல வேணும். முதல்ல ஆயிலையும் இதையும் கலந்துட்டு அப்புறமாதான் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், மாத்தி செஞ்சா சரியா கரையாது. கலந்த தண்ணி தெளிவா இருந்தா கரைஞ்சிருக்குன்னு அர்த்தம், மேல எண்ணெய்த் துளி மிதந்தா இன்னும் கொஞ்சம் வேணும். கிட்ல இது ஒரு சின்ன பாட்டில் வச்சிருந்தாங்கன்னா நான் நாலு ஸ்டார் குடுத்திருப்பேன், அவ்ளோ அடிப்படையான பொருள்.

சில பேர் தண்ணிக்கு பதிலா ஆல்கஹால் ஊத்துங்கன்னு சொல்றாங்க, அது ஆயில நல்லா கரைக்கும், சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனா குறைஞ்ச ஆல்கஹால் இருக்கறதுல ஆயில் சரியா கரையாது, நல்லா கரைக்கற அளவுக்கு ஆல்கஹால் இருந்தா அது தீப்பிடிக்கும். 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோட ஆவி சாதாரண அறை சூட்டுலயே நெருப்பு பட்டா பத்திக்கும், ஸ்ப்ரே அடிக்கறதுங்கறது அத பொடிப்பொடி துளியா காத்துல தூவறதுதானே. அடுப்பு எரியும்போது, விளக்கோ மெழுகுவத்தியோ ஏத்தி வச்சிருக்கும்போது அடிக்கவே கூடாது. மெத்தனால் கலந்த ஸ்பிரிட்ட எந்தக் காரணத்துக்காகவும் இதுல ஊத்தாதீங்க, அது மூச்சு வழியாவும் தோல் வழியாவும் உள்ள போற விஷம், கண்ணு பார்வையே போயிடும். நான் ஆல்கஹால் பக்கமே போகல, பாலிசார்பேட் போட்டு செஞ்சதே போதுமானதா இருந்துச்சு.

தண்ணி விஷயத்துல இன்னொண்ணு, இத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஆயில் கலந்துட்டா கிருமி வராதுன்னு நினைக்கறாங்க. அப்படி இல்ல. 2021-ல அமெரிக்கால கடையில வித்த ஒரு லாவெண்டர்-கேமமைல் ரூம் ஸ்ப்ரேல மெலியாய்டோசிஸ்ங்கற கொடிய தொற்றுநோய வர வைக்கற கிருமி இருந்து, நாலு பேருக்கு அந்த நோய் வந்து ரெண்டு பேர் செத்துட்டாங்க, அதுல ஒண்ணு குழந்தை. சுமார் 3,900 பாட்டில திரும்ப வாங்கினாங்க. ஃபேக்டரியில செஞ்சு எசென்ஷியல் ஆயிலும் கலந்திருந்த பாட்டில்லயே கிருமி உயிரோட இருந்துருக்கு. அப்போ நாம கிச்சன்ல பைப் தண்ணி பிடிச்சு கலந்து மாசக்கணக்கா வச்சு அடிச்சா என்ன ஆகும்? காய்ச்சி ஆறின தண்ணியோ டிஸ்டில்டு வாட்டரோ எடுங்க, பாட்டில கொதிதண்ணில கழுவி நல்லா காய வச்சு அப்புறம் ஊத்துங்க, ஒரு வாரத்துக்குள்ள தீர்ற அளவுக்கு மட்டும் செய்யுங்க, மிச்சம் இருந்தா கொட்டிடுங்க. கலங்கினாலோ ஒரு மாதிரி நாத்தம் வந்தாலோ மோந்து பாத்து முடிவு பண்ணிகிட்டு இருக்காதீங்க, உடனே கொட்டுங்க. நீண்ட நாள் வைக்கணும்னா கிருமி வளராம தடுக்கற முறையான ப்ரிசர்வேட்டிவ் சேக்கணும், அதையும் அளவு பாத்து சேக்கணும், சின்ன சின்னதா செஞ்சுக்கறதே எனக்கு சுலபமா படுது.

பாட்டில். பழுப்பு கண்ணாடி பாட்டில் அருமை, ஸ்ப்ரே தலையும் பொடிசா தூவுது, ஒழுகல. வெளிச்சம் படாம இருக்கறதால ஆயில் சீக்கிரம் கெடாது. பிளாஸ்டிக் பாட்டில் அப்படி இல்ல. எந்த வகை பிளாஸ்டிக்னு அடியில முத்திரையே காணோம். லெமன், ஆரஞ்சு ஆயில்ல இருக்கற லிமோனீன் ஒரு நல்ல கரைப்பான், தெர்மாக்கோல், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் எல்லாத்தையும் அப்படியே கரைச்சிடும், வேணும்னா தெர்மாக்கோல் துண்டு மேல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, குழி விழுறது கண்ணுக்கே தெரியும். அதனால வகை தெரியாத பிளாஸ்டிக்ல ஆயில் ஊத்தறத விட்டுட்டு செடிக்கு தண்ணி தெளிக்க அந்த பாட்டில எடுத்துகிட்டேன்.

பேக்கிங் சோடா ஜாடி, இதுதான் இந்த கிட்லயே உருப்படியான பொருள். சொல்லப்போனா வாசனை ஆயில் சேக்காமலே இது வேலை செய்யும். வேர்வை, புளிச்ச பால், ஷூ நாத்தம் மாதிரி அமிலத்தன்மை இருக்கற நாத்தத்த சோடா நிஜமாவே முறிக்கும், மேல வாசனை பூசி மறைக்கறது கிடையாது. ஷூ ஸ்டாண்ட் உள்ள ஒண்ணு வச்சேன், திறந்ததும் முகத்துல அடிக்கற வாடை நல்லா குறைஞ்சுது. மீன் நாத்தம் மாதிரி வாடைக்கு சோடா எடுபடாது, அது எதிர்ப்பக்கம், அதாவது காரத்தன்மை இருக்கறது, அதுக்கு வினிகர ஒரு கிண்ணத்துல ஊத்தி திறந்து வச்சா கேக்கும். ரெண்டையும் ஒண்ணா கலந்தா டபுள் பவர்னு தாள்ல போட்டிருக்காங்க, நுரை பொங்கும், அவ்ளோதான், ஒண்ண ஒண்ணு முறிச்சுகிட்டு கடைசில சோடியம் அசிடேட் தண்ணிதான் மிஞ்சும், நாத்தத்துக்கு எதிரா ரெண்டுமே வீண். இதுல ஆபத்து ஒண்ணுமில்ல. ஆனா வினிகரும் ப்ளீச்சும் சேரவே கூடாது. பாத்ரூம்ல ப்ளீச் ஊத்தி தேச்ச கையோட வினிகர் ஸ்ப்ரே அடிச்சா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது நுரையீரலயே புண்ணாக்கிடும். அம்மோனியா கலந்த கிளீனரும் அப்படித்தான், ப்ளீச்சோட சேந்தா குளோரமின் வாயு. ப்ளீச் போட்ட இடத்துல ஆல்கஹால் ஸ்ப்ரேயும் வேணாம். வீட்ல செஞ்ச ஃப்ரெஷ்னர்னாலும் இதெல்லாம் பொருந்தும், தாள்ல இதப் பத்தி ஒரு வரி கிடையாது.

ஜெல் சுமார்தான். ஜெலட்டின் முப்பது முப்பத்தஞ்சு டிகிரி சூட்டுலயே இளக ஆரம்பிச்சிடும், ஜன்னல் பக்கம் வச்சா சாயங்காலத்துக்குள்ள கஞ்சி மாதிரி ஆயிடும். ஜெலட்டின்ங்கறது புரதம் வேற, பூஞ்சைக்கு அதவிட நல்ல தீனி கிடைக்காது, உப்பு சேத்தா கொஞ்சம் தள்ளிப்போகும். அதுக்கு பதிலா அகர் அகர், அதான் கடல்பாசி, அதுல செஞ்சா 85 டிகிரி வரைக்கும் உருகாது. இன்னொண்ணு, கலர் போட்ட ஜெல் பாக்க சாப்பிடற ஜெல்லி மாதிரியே இருக்கும், குழந்தைக்கு வித்தியாசம் எப்படி தெரியும்? கலரே போடாதீங்க, கை எட்டாத உயரத்துல வைங்க.

குச்சி டிஃப்யூசர் வாசனை விஷயத்துல நம்பர் ஒன். பிரம்புக் குச்சிக்குள்ள மெல்லிசு குழாய் மாதிரி நெடுக்க ஓடுது, அது வழியா திரவம் ஏறி மேல ஆவியாகுது, நெருப்பும் இல்ல கரண்டும் இல்ல. வாசனை தூக்கலா இருந்தா ரெண்டு குச்சிய எடுத்துட்டா போதும். ஆனா அந்த 'பேஸ்' பாட்டில்ல என்ன இருக்குன்னு எங்கயும் எழுதல, கேட்டு மெசேஜ் அனுப்பினேன், பதில் வரல. என்னன்னே தெரியாத திரவத்த நாள் முழுக்க வீட்டுக் காத்துல ஆவியாக விடறதுல எனக்கு உடன்பாடே இல்ல. அது தீர்ந்ததும் பொருள் பேர் லேபிள்ல எழுதியிருக்கற பேஸா பாத்து வாங்குங்க, சமையல் எண்ணெய் ஊத்தினா கெட்டியா இருக்கறதால குச்சியில சரியா ஏறாது. கவுந்தா மரச்சாமான் பாலிஷ தின்னுடும், அடியில ஒரு கண்ணாடித் தட்டு வைங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். தாளோட முதல் வரியே "100% இயற்கை, குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் முற்றிலும் பாதுகாப்பானது". இது பொய். நாசூக்கா சொல்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல. யூகலிப்டஸ் ஆயில் சில மி.லி. உள்ள போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம், கிட்ல ஒரு குப்பியிலயே 5 மி.லி. இருக்கு. குப்பிங்களுக்கு குழந்தைங்க திறக்க முடியாத மூடி இல்ல, சாதாரணமா திருகினா வந்துடுது, நல்லவேளையா உள்ள சொட்டு சொட்டா விடற அடைப்பு இருக்கு. இதே மாதிரி கிட் சிலதுல விண்டர்கிரீன் ஆயில் வருது, அத வீட்டுக்குள்ளயே சேக்காதீங்க, அதுல ஒரு டீஸ்பூன்ல இருக்கற சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகைப் பொருள்) ஏறக்குறைய 7 கிராம், 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல ஒண்ணா முழுங்கின மாதிரி. குழந்தை எந்த ஆயில முழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாந்தி வரும்போது ஆயில் நுரையீரலுக்குள்ள போனா நிலைமை இன்னும் மோசம், குப்பிய கையோட எடுத்துகிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பெப்பர்மின்ட், கற்பூரம் மாதிரி குளுகுளு வாசனைய கைக்குழந்தை மூக்குகிட்ட கொண்டு போனா மூச்சுக்குழாய் சட்டுனு இறுகிக்கற ஆபத்தும் இருக்கு.

பூனைக்கு இந்த ஆயில்ல இருக்கற பல பொருள உடைச்சு வெளியேத்தற என்சைம் கல்லீரல்ல போதுமான அளவு இல்ல, அதனால கொஞ்சம் கொஞ்சமா உடம்புல சேந்துடும். டீ ட்ரீ ஆயில் பூனைக்கு மட்டுமில்ல, நாய்க்கும் விஷம். லவங்கப்பட்டை, பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், லெமன் எல்லாம் பூனைக்கு ஆகாத பட்டியல்லதான் இருக்கு, அப்போ இந்த ஆறு குப்பில அஞ்சு போச்சு! லாவெண்டரும் முழுசா பயமில்லன்னு சொல்ல முடியாது. கிளி, லவ் பேர்ட்ஸ் வளக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், பறவைங்களோட நுரையீரல் காத்துல இருக்கறத ரொம்ப வேகமா இழுத்துக்கும். நான் ஸ்ப்ரே அடிக்கறது பூனை வராத ரூம்ல மட்டும், அதுவும் கதவ சாத்தி ஜன்னல திறந்து வச்சுதான். பூனை சுத்தற ஹாலுக்கு வெறும் சோடா ஜாடி, ஆயில் சேக்காதது.

ஜன்னல் ஏன்னா, லெமன் ஆயில்ல இருக்கற லிமோனீன் காத்துல இருக்கற ஓசோனோட சேந்தா ஃபார்மால்டிஹைடுங்கற நச்சு வாயுவும் ரொம்ப நுணுக்கமான துகளும் உண்டாகுது. ஓசோன் வெளிக்காத்துலயும் வரும், ஓசோன் விடற ஏர் ப்யூரிஃபையர்லயும் வரும், அந்த மாதிரி மெஷின் ஓடும்போது சிட்ரஸ் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு எந்த வாசனையும் இழுப்ப கிளப்பலாம், இயற்கையா செயற்கையான்னு நுரையீரல் பாக்கறதில்ல. திறந்து ரொம்ப நாள் ஆன லெமன், லாவெண்டர் ஆயில தோல்ல படவும் விடாதீங்க, காத்து பட்டு பட்டு மாறினதுக்கப்புறம்தான் அலர்ஜி அதிகமா வருது.

அடிச்சு கொஞ்ச நேரத்துல வாசனையே வரலன்னு திரும்பத் திரும்ப அடிக்கறவங்க இருக்காங்க. வாசனை போகல, மூக்கு பழகிடுச்சு. வெளிய போயிட்டு வந்து மோந்து பாருங்க, தூக்கி அடிக்கும்.

நாத்தம் எங்கிருந்து வருதுன்னு பாக்காம வாசனை அடிக்கறதுல அர்த்தமே இல்ல. சிங்க் குழாய், குப்பைத்தொட்டி அடிப்பக்கம், காயாத மிதியடி, சுவத்துல ஈரம், முதல்ல அத சரி பண்ணுங்க. முக்கியமா கிச்சன்ல பலமான வாசனை வேணவே வேணாம்ங்கறது என் கருத்து. கேஸுக்கு சொந்தமா வாடை கிடையாது, லீக் ஆனா நமக்கு தெரியட்டும்னுதான் மெர்கேப்டன் கலந்து நாற வைக்கறாங்க. 1937-ல டெக்சாஸ்ல நியூ லண்டன்ங்கற ஊர்ல பள்ளிக்கூடத்துல வாடையில்லாத கேஸ் கசிஞ்சு வெடிச்சு முந்நூறு பேர் அளவுக்கு செத்ததுக்கு அப்புறம்தான் அங்க இத கட்டாயமாக்கினாங்க. அந்த வாடைய நாம லெமன் ஸ்ப்ரே அடிச்சு மூடக்கூடாது. கேஸ் வாடை வந்தா எந்த ஸ்ப்ரேயும் அடிக்காம, ஸ்விட்ச் தொடாம, வால்வ மூடி ஜன்னல திறந்துட்டு வெளிய வாங்க.

லேபிள் விஷயம் சொல்றேன்னேன்ல. கிட்ல வந்த லேபிள் தண்ணி பட்டாலும் உரியாத நல்ல லேபிள். கலந்த ஒவ்வொரு பாட்டில்லயும் என்ன ஆயில், எத்தன சொட்டு, எந்த தேதில கலந்தது, "குடிக்கக் கூடாது" இவ்ளோவும் எழுதி ஒட்டுங்க. காலி தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்லயும் வேணாம், யாராவது தாகத்துல எடுத்து வாயில வச்சுடுவாங்க.

அப்போ வாங்கலாமான்னா, வீட்ல சின்னக் குழந்தையும் பிராணியும் இல்லாதவங்க, பாலிசார்பேட் தனியா வாங்கிக்கத் தயாரா இருக்கறவங்க தாராளமா வாங்கலாம், கண்ணாடி பாட்டிலும் குச்சியும் ஜாடியும் பல தடவை திரும்பப் பயன்படும். எங்கள மாதிரி வீடுன்னா கிட் தேவையில்ல, ஒரு கண்ணாடி ஜாடியும் பேக்கிங் சோடாவும் தனியா வாங்கினாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுடும். ஆயில் தீர்ந்து ரீஃபில் வாங்கறப்போ செடியோட தாவரவியல் பேர், பேட்ச் நம்பர், முடியற தேதி மூணும் லேபிள்ல இருக்கான்னு பாருங்க. வெறுமனே 'ஃபிரேக்ரன்ஸ் ஆயில்'னு மட்டும் போட்டிருந்தா அதுல என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியறதுக்கு வழியே இல்ல, அத நான் வாங்க மாட்டேன்.